திரைக்குப் பின்னுள்ள தெய்வம்: மண்டூர் முருகன் வழிபாடும் வாவிக்கரை வரலாறும்

ஈழத்தின் கீழைக்கரையோரமாக வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது மட்டக்களப்பு வாவி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமும் 141 சதுர கிலோமீற்றர் பரப்பும் கொண்ட இந்நீர்நிலை அப்பிரதேசத்தை இரு கூறாகப் பிரிக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயலும் காடும் சார்ந்து விரியும் நிலம் படுவான்கரை என்றும் வழங்கும். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்ற பொருளில் அமைந்த இப்பெயர்கள் திசையை மட்டும் குறிப்பனவல்ல. இருவேறு வாழ்க்கை முறைகளையும் குறிப்பன. பெருந்தெரு, சந்தை, நீதிமன்றம், உயர்கல்விக் கூடங்கள் ஆகியன பெரிதும் எழுவான்கரைக்கு உரியன. நெல்லும் பாலும் தேனும் விறகும் படுவான்கரை தருவன. எனினும், அப்பிரதேசத்து மக்கள் தொன்மை மிக்கனவாகப் போற்றும் கோயில்களுள் முதன்மை வாய்ந்த இரண்டு, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரமும் மண்டூர் முருகன் கோயிலும், படுவான்கரையிலேயே அமைந்துள்ளன. ஆதலால் எழுவான்கரை மக்களுக்குக் கோயிலுக்குச் செல்லுதல் என்பது பன்னெடுங்காலமாக நீரைக் கடத்தலாகவே இருந்து வந்துள்ளது.

மண்டூர், மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே முப்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில், போரதீவுப்பற்றில் வாவியின் மேற்கரையில் உள்ளது. களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தின் வழியாகத் தரைமார்க்கமாகவும் அங்கே செல்லலாம். ஆயினும் குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்து சேர்தலே அடியார்க்குப் பழகிய வழி. மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் அக்கடவைப் படகினை அப்பகுதியினர் 'பாதை' என்றே அழைப்பர். ஆவணி மாதத் திருவிழாக் காலத்தில் அப்பாதையில் நெருங்கி நிற்போர் கரை நெருங்க நெருங்கப் பேச்சைக் குறைத்துக்கொள்வதும், கோயிற் சூழலின் பெருமரங்கள் கண்ணுக்குத் தெரிந்தவுடன் கைகூப்புவதும் காணத்தக்கன. கோயிலை அடைந்த பின்னர் அவர்கள் காண்பது யாது? மூலவரின் திருவுருவம் அன்று, ஒரு திரை. கேட்பது யாது? வேதமந்திரம் அன்று, மௌனம். காண்பதற்கு உருவமும் கேட்பதற்கு மந்திரமும் இல்லாத இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கண்ணீர் மல்கி நிற்பது எதனால் என்ற வினாவுக்கு விடை காண வேண்டுமாயின் அக்கோயிலின் வரலாற்றையும் வழிபாட்டு முறையையும் அதனைத் தாங்கி நிற்கும் சமுதாய அமைப்பையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

கண்டெடுக்கப்பட்ட வேல்

மண்டூர்க் கோயிலின் தோற்றம் பற்றி வழங்கும் ஐதிகம் சூரசங்காரத்தோடு தொடர்புடையது. முருகன் விடுத்த வேலிலிருந்து எழுந்த ஒளிக்கதிர்கள் மூன்றும் முறையே உகந்தைமலையிலும், திருக்கோவிலில் ஒரு வெள்ளைநாவல் மரத்திலும், மண்டூரில் ஒரு தில்லை மரத்திலும் தங்கின என்றும், அவற்றைக் காட்டில் வாழ்ந்த வேடர் கண்டு இலைக்குடில் அமைத்து வழிபட்டனர் என்றும் அவ்வைதிகம் கூறும். 'தில்லை மண்டூர்' என்று இத்தலம் சிறப்பிக்கப்படுவதும் இதுபற்றியே.

கொக்கட்டிச்சோலைக் கோயில் பற்றிய கதையும் இதே சாயலினது. திடகன் என்னும் வேடன் கொக்கட்டி மரமொன்றை வெட்டியபோது குருதி பெருகிற்று என்றும், அவன் அஞ்சித் தன் ஆடையால் அவ்விடத்தை மூடினான் என்றும், அவ்விடத்தே சிவலிங்கம் தானே தோன்றியிருந்தது என்றும் மக்கள் கூறுவர். இரு கதைகளிலும் மூன்று கூறுகள் பொதுவாக உள்ளன. தெய்வம் அரசனாலோ அந்தணனாலோ தாபிக்கப்படவில்லை. அது முன்னரே அங்கிருந்தது. அதனைக் கண்டவன் காட்டு வேடன். கண்டவுடன் அவன் செய்த வழிபாடு மந்திரம் சார்ந்ததன்று. அச்சமும் அன்பும் கலந்த செயலே.

இக்கதைகளை நிகழ்ச்சிக் குறிப்புகளாகக் கொள்ளுதல் ஆய்வு நெறிக்குப் பொருந்தாது. ஆயினும் அவற்றைப் பொருளற்ற புனைவுகளென ஒதுக்குவதும் பொருந்தாது. மரத்திலும் ஆற்றிடைக்குறையிலும் கந்திலும் முருகன் உறைவதாகத் திருமுருகாற்றுப்படை கூறும் மிகப் பழைய வழிபாட்டு நிலையை இவை நினைவூட்டுகின்றன. மேலும், இலங்கையின் வேடர் பற்றிச் செலிக்மன் தம்பதியினர் 1911ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், கீழைக்கரையில் வாழ்ந்த தமிழ் பேசும் வேடரும் இடம்பெறுகின்றனர். வேடரது சடங்குகளில் அம்பு புனிதப் பொருளாகக் கையாளப்பட்டமையையும் அவர்கள் பதிவு செய்துள்ளனர். அம்பினைப் போற்றிய ஒரு சமுதாயத்தின் வழிபாடும் வேலினைப் போற்றிய தமிழரின் வழிபாடும் இக்காட்டோரத்திற் சந்தித்தமை இயல்பானதே. வேடர் குலத்து வள்ளியை முருகன் மணந்த கதை இப்பிரதேசத்திற் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருப்பதற்கும் இச்சந்திப்பே அடிப்படையாகலாம்.

தில்லை மரம் பற்றிய குறிப்பும் நுணுகி நோக்கற்பாலது. தில்லை, உவர்நீர்க் கரைகளில் வளரும் கண்டற் சூழலுக்குரிய மரம். அதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும். இதே மரத்தின் பெயராலேயே சோழநாட்டுச் சிதம்பரமும் தில்லை எனப் பெயர் பெற்றது. சிதம்பரத்தில் நடராசர் திருவுருவுக்கு அருகே திரையிடப்பட்ட ஓர் இடம் உண்டு. திரை நீக்கப்படும்போது பொன்னாலான வில்வமாலைகள் தொங்குவதன்றி உருவம் எதுவும் அங்குக் காணப்படுவதில்லை. அதுவே சிதம்பர ரகசியம். தில்லை வனத்துச் சோழநாட்டுத் தலமும் தில்லை சூழ்ந்த வாவிக்கரைத் தலமும் 'திரைக்குப் பின்னுள்ள தெய்வம்' என்ற ஒரே கருத்தில் ஒன்றுபடுகின்றமை வியப்புக்குரியது. ஒன்று மற்றொன்றைப் பின்பற்றியது எனக் கூற வேண்டுவதில்லை. காண்டற்கரிய பொருளை மறைத்துக் காட்டும் மரபு தமிழர் சமயத்தின் இருவேறு கிளைகளிலும் நிலைத்துள்ளது எனக் கொள்ளுதல் போதுமானது.

வாய்கட்டிப் பூசை

மண்டூரிற் பூசை செய்வோர் 'கப்புகனார்' எனப்படுவர். கதிர்காமத்திற் பூசை செய்யும் கப்புறாளைமார் என்ற பெயரோடு இஃது இனமுடையது. பூசையின்போது கப்புகனார் தம் வாயை வெண்டுகிலாற் கட்டிக்கொள்வார். மந்திரம் ஓதப்படுவதில்லை. மூலத்தானம் திரையால் மறைக்கப்பட்டிருக்கும். திரைக்கு அப்பால் நிகழ்வதை அடியார் காண்பதில்லை. மணியோசையும் கற்பூர ஒளியும் 'அரோகரா' என்னும் மக்களின் ஒலியுமே வழிபாட்டைப் புறத்தே புலப்படுத்துவன. கதிர்காமத்திலும் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் இவ்வாறே வாய்கட்டிப் பூசை நிகழ்வது யாவரும் அறிந்தது. மண்டூரைச் 'சின்னக் கதிர்காமம்' என மக்கள் அழைப்பதும் இவ்வொற்றுமை பற்றியே ஆகும். கீழைக்கரை வழியே கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்க்கு மண்டூரும் திருக்கோவிலும் உகந்தைமலையும் ஒரே யாத்திரை மாலையிற் கோக்கப்பட்ட தலங்களாகும்.

திருவிழா ஏறக்குறைய மூன்று வாரம் நடைபெற்று ஆவணிப் பூரணையையொட்டித் தீர்த்தத்துடன் நிறைவெய்தும். காவடி எடுப்போரும், அங்கப்பிரதட்சணம் செய்வோரும், கற்பூரச்சட்டி ஏந்தி வீதிவலம் வரும் பெண்களும் இரவு முழுவதும் கோயில் வீதியை நிறைப்பர். பூப்பெய்தாச் சிறுமியர் ஆலாத்தி ஏந்துதல் இக்கோயிலின் சிறப்பான மரபு. நிறைவு நாளில் அச்சிறுமியர் தம்மை மறந்து மயங்கி விழுதலும், பின்னர்த் தீர்த்தம் தெளிக்கப்பெற்று எழுதலும் அடியார் உள்ளத்தை மிக உருக்கும் காட்சியாக விளங்குகின்றன. இதனைத் தெய்வத்தின் அருளென அடியார் கொள்வர். சங்க இலக்கியம் கூறும் வெறியாடலின் எச்சமாகவும் இதனைக் கருதலாம். எவ்வாறாயினும், சொல்லால் நிகழாத வழிபாடு ஈற்றில் உடலாலேயே தன் நிறைவைப் பெறுகின்றது என்பது இங்குத் தெளிவாகின்றது.

மறைப்பும் மௌனமும் சமய உணர்வைத் தூண்டுவன என்பது இப்பிரதேசத்துக்கு மட்டும் உரிய உண்மையன்று. எருசலேமின் பண்டை யூத ஆலயத்தில் அதிபரிசுத்த இடம் திரையால் மறைக்கப்பட்டிருந்தது. தலைமைக் குரு ஆண்டுக்கு ஒரு நாள் மட்டுமே அதனுட் செல்லலாம். கி.மு. 63இல் உரோமத் தளபதி பொம்பே அவ்வாலயத்தைக் கைப்பற்றி உட்புகுந்தபோது அங்கே உருவம் எதுவும் இல்லாமை கண்டதாக உரோம வரலாற்றாசிரியர் தசித்தஸ் எழுதியுள்ளார். ஜெர்மானியச் சமய அறிஞர் ருடோல்ப் ஒற்றோ, 1917இல் வெளியிட்ட புனிதம் பற்றிய தமது நூலில், புனித உணர்வை வெளிப்படுத்தும் வழிகளாக இருளையும் மௌனத்தையும் வெறுமையையும் எடுத்துக்காட்டினார். மண்டூரின் திரைமுன் நிற்கும் உழவன் ஒற்றோவை அறியான். ஆயினும் ஒற்றோ விளக்க முயன்றதை அவன் தன் தந்தையின் தோளில் அமர்ந்து பார்த்த நாள் முதல் அறிந்தவனாகின்றான்.

ஆயினும் மௌன வழிபாட்டுக்கு மற்றொரு பயனும் உண்டு. பூசகர் மந்திரம் ஓதாமையால், தெய்வத்துக்கும் அடியார்க்கும் இடையே அடியார் அறியாத மொழி ஒன்று நிற்பதில்லை. திரைமுன் நிற்பவர் தம் துயரைத் தம் சொல்லாலேயே, பெரும்பாலும் உதடசையாமலேயே, கூறிக்கொள்கின்றனர். நோயுற்ற பிள்ளைக்காக வந்த தாயும், வேளாண்மை பொய்த்த உழவனும், வாவியில் மீன்படாத வலைஞனும் ஒரே மௌனத்தைத் தத்தம் சொற்களால் நிரப்புகின்றனர். பூசகரின் வாய் கட்டப்பட்டிருத்தல் அடியாரின் வாயைத் திறக்கின்றது எனலாம்.

தேசத்துக் கோயிலும் குடிமுறையும்

மட்டக்களப்புப் பிரதேசத்தின் பெருங்கோயில்கள் 'தேசத்துக் கோயில்' எனப்படுவன. ஒரு தனி ஊருக்கோ தனியொரு குடும்பத்துக்கோ உரியனவாகாது, ஒரு நிலப்பரப்பின் மக்கள் அனைவர்க்கும் உரிமை உடையனவாக அவை கருதப்படுகின்றன. அவ்வுரிமை குடிமுறையின் வழியே பகிரப்படுகின்றது. குடி என்பது இங்குத் தாய்வழியாகத் தொடரும் பிரிவு. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடியினர் தம்முள் மணம் செய்தல் வழக்கன்று. இப்பிரதேசத்து முஸ்லிம் மக்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை நிலவுதல் இரு சமூகத்தாரும் நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்தமைக்குச் சான்றாகும். இத்தாய்வழி உரிமை முறையின் சட்டக்கூறுகளைப் பிரிற்றோ என்பார் 1876இல் முக்குவர் சட்டம் பற்றிய நூலாகத் தொகுத்து வெளியிட்டார்.

மண்டூர்க் கோயிலில் மண்டூருக்கு மட்டுமன்றிக் குருமண்வெளி, கோட்டைக்கல்லாறு, துறைநீலாவணை ஆகிய ஊர்களுக்கும் பழைய உரிமைகள் உண்டு. இவற்றுட் பிற மூன்றும் வாவிக்குக் கிழக்கேயுள்ளவை என்பது கவனிக்கத்தக்கது. கோயிலே இரு கரைகளையும் பிணைத்துள்ளது. வண்ணக்கர் எனப்படும் பொறுப்பாளர் பதவி, திருவிழா இரவுகளின் உபயம், திருநீறும் பிரசாதமும் பெறும் வரிசை ஆகிய யாவும் ஊராலும் குடியாலும் வரையறுக்கப்பட்டுள்ளன. இவ்வரிசையைக் கூறும் பழைய செய்யுட்களையும் ஏட்டுக் குறிப்புகளையும் மட்டக்களப்பு மக்கள் 'கல்வெட்டு' என்றே அழைப்பர். கல்லில் வெட்டப்படாத கல்வெட்டுகள் இவை. மக்களின் நினைவில் வெட்டப்பட்டவை.

இத்தகைய மரபுகளின் தொகுதியே மட்டக்களப்பு மான்மியம். எவ்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் இதனைப் பதிப்பித்து வெளியிட்டார். வி.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இப்பிரதேச மரபுகளை விரித்துரைத்தது. மான்மியம் மிகப் பழைய அரசர்களைப் பற்றிக் கூறினும், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் பற்றிய செய்திகளும் அதனுள் உள. ஆகவே அதன் இன்றைய வடிவம் ஐரோப்பியர் வருகைக்குப் பிற்பட்டதேயாகும். அதனை நாட்குறிப்பாகக் கொள்ளாது, குடிகளும் கோயில்களும் தத்தம் உரிமையை நிலைநாட்டிய ஆவணமாகக் கொள்ளுதலே பொருந்தும். அமெரிக்க மானிடவியலாளர் மார்க் விற்றேக்கர் மண்டூர்க் கோயிலையே ஆய்வுப்பொருளாகக் கொண்டு 1999இல் வெளியிட்ட நூலும், அக்கோயிலைச் சார்ந்தோர் வரலாற்றைத் தம் உரிமைப் பேச்சின் கருவியாக எவ்வாறு கையாண்டனர் என்பதை ஆராய்கின்றது.

திரைமுன் நிற்பவரின் உள்ள நெகிழ்ச்சிக்கும் இக்குடிமுறைக்கும் தொடர்பு உண்டு. தன் குடியின் திருவிழாவிரவில் அங்கே நிற்பவர் தனியராக நிற்பதில்லை. தாயும் தாயின் தாயும் நின்ற இடத்தில் நிற்கின்றார். பெயர் தெரியாத முன்னோர் வரிசையொன்று அவரைத் தாங்குகின்றது.

எனினும் உண்மையை முழுமையாகக் கூறுதல் வேண்டும். வரிசை என்பது சிலர்க்குப் பெருமை தந்தவாறே வேறு சிலரைப் புறத்தே நிறுத்திற்று. ஈழத்தின் பிற பகுதிகளிற் போலவே இப்பிரதேசத்துப் பெருங்கோயில்களிலும் தாழ்த்தப்பட்டோரெனக் கருதப்பட்ட சமூகத்தினர் உள்ளே செல்லவொண்ணாது நின்ற காலம் இருந்தது. தேசத்துக் கோயில் என்னும் பெயருக்கும் அந்நடைமுறைக்கும் இடையே இருந்த முரண்பாட்டை எப்பெருமையாலும் மறைத்தல் இயலாது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் உச்சம் பெற்ற ஆலயப் பிரவேசப் போராட்டமும் ஈழத்துச் சைவ உலகின் மனச்சான்றை உலுக்கின. தெய்வத்தின் முன்னுள்ள திரை பத்திக்கு உரியது. மனிதர்க்கிடையே இடப்பட்ட திரை அத்தகையதன்று.

ஆகமமும் வழக்காறும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுகநாவலர் (1822–1879) சைவத்தைப் புனரமைக்க முற்பட்டபோது ஆகம நெறியையே அளவுகோலாகக் கொண்டார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆகமம் கூறும் திருவுருவுக்குப் பதிலாக வேல் வழிபடப்பெற்றதையும் அவர் கண்டித்தமை பலரும் அறிந்ததே. கண்ணகி வழிபாட்டையும் அவர் ஏற்கவில்லை. அவ்வியக்கத்தின் செல்வாக்கால் யாழ்ப்பாணத்திற் கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன் பெயர்களைப் பெற்றன. கிறித்தவ மிசனரிமாரின் கண்டனங்களை எதிர்கொள்ள வேண்டியிருந்த காலத்தில், நூல்வழிப்பட்ட சமயமொன்றை நிலைநாட்டுதல் நாவலரின் தேவையாக இருந்தது. அவரது நோக்கத்தை அக்காலச் சூழலோடு வைத்தே மதிப்பிடுதல் முறை.

மட்டக்களப்பில் இவ்வியக்கம் அத்துணை ஆழமாக ஊடுருவவில்லை. வைகாசி மாதந்தோறும் கண்ணகி கோயில்களிற் சடங்கு நிகழ்கின்றது. கண்ணகி வழக்குரை இன்றும் பாடப்படுகின்றது. மண்டூரில் வாய்கட்டிப் பூசை தொடர்கின்றது. கோயிலுரிமை ஊர்களிடமும் குடிகளிடமும் பகிர்ந்திருந்தமை இதற்கு ஒரு காரணம். தனியொருவர் விரும்பினும் மரபை மாற்றுதல் எளிதன்று. ஒரு வழக்கை மாற்றுவதாயின் பல ஊரார் ஒருப்பட வேண்டும். நூலறிவு மிக்கோர் 'ஒழுங்கற்றது' என எண்ணக்கூடிய ஒரு வழிபாடு, உரிமைப் போட்டியாலேயே காக்கப்பட்டது என்பது வரலாற்றின் விந்தை.

ஆகம நெறிக்கு மாறிய கோயில்கள் இப்பிரதேசத்திலும் பல உள. கோபுரமும் மந்திரமும் கும்பாபிடேகமும் அவற்றுக்குப் புதுப்பொலிவு தந்துள்ளன என்பதும் உண்மையே. அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் எல்லாக் கோயில்களும் ஒரே வார்ப்பில் அமைதல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெறுமாயின், வேடன் கண்டெடுத்த வேலின் நினைவும் அவன் செய்த சொல்லற்ற வழிபாட்டின் நினைவும் ஒருங்கே அழியும். அவ்வாறு அழிவது ஒரு சடங்கு மட்டுமன்று. நூலும் கல்லும் கூறாத ஒரு மக்கள் வரலாற்றின் கடைசிச் சான்றுமாகும்.

இடர்களும் நிலைபேறும்

வாவிக்கரை நெடுங்காலம் அமைதியாக இருந்ததில்லை. 1602இல் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கிக் கண்டிக்குச் சென்றார். 1628இற் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1796 முதல் ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கிற்று. கோயிலை அழிக்க வந்த போர்த்துக்கேயப் படைவீரர் முன்னிலையிற் கொக்கட்டிச்சோலைக் கல்நந்தி எழுந்து புல்லுண்டது என்ற கதை இன்றும் அங்கே வழங்குகின்றது. கல் புல்லுண்டதோ இல்லையோ, அழிவு நெருங்கிய ஒரு காலத்தை மக்கள் மறக்கவில்லை என்பதை அக்கதை உணர்த்துகின்றது.

அண்மைக்கால இடர்கள் கதையால் ஆற்றவொண்ணாதன. 1978 நவம்பரிற் சூறாவளி இப்பிரதேசத்தைச் சிதைத்தது. 1983இற்குப் பின் பெருகிய போர் வாவியையே எல்லையாக்கிற்று. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையில் ஈடுபட்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகளே அதற்குப் பொறுப்பாளராகக் கொள்ளப்பட்டனர். 1991 யூன் 12ஆம் நாள் கொக்கட்டிச்சோலைப் பகுதியிற் பொதுமக்கள் பலர் இராணுவத்தினராற் கொல்லப்பட்டமை விசாரணை ஆணைக்குழு ஒன்றை நியமிக்கும் நிலைக்கு இட்டுச் சென்றது. தொழுத இடத்திலும் தஞ்சம் புகுந்த இடத்திலும் மனிதர் மாண்ட அவ்வாண்டுகளில் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே சோதனைச் சாவடிகள் நின்றன. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஊர்களைச் சூறையாடிற்று. 2007இல் கிழக்கிற் போர் ஓய்ந்தது. 2009இல் நாடு முழுவதிலும் முடிவுற்றது. முன்னர்ப் பாதையாற் கடந்த மண்முனைத் துறையில் 2014இல் யப்பானிய உதவியுடன் பாலம் திறக்கப்பட்டது. கொக்கட்டிச்சோலைக்குச் செல்வோர் இப்போது சில நிமிடங்களில் வாவியைக் கடக்கின்றனர்.

இவ்விடர்களுக்குப் பின்னர்த் திரைமுன் நிற்போரின் மௌனம் பழைய மௌனமன்று. காணாமற் போன மகனுக்காக வேண்டும் தாய்க்கும் அலையிற் குடும்பத்தை இழந்த கணவனுக்கும் எந்த மந்திரமும் போதாது. பேசாத தெய்வத்தின் முன் பேசவியலாத துயர் நிற்கின்றது. சொற்களால் ஆறுதல் கூற முற்படாத ஒரு வழிபாடு, சொற்கள் பயனற்றுப் போன காலத்திலும் மக்களுக்குத் துணையாயிற்று. பழைமை காரணமாக மட்டுமன்றி இப்பயன் காரணமாகவும் இவ்வழிபாட்டு மரபு பேணத்தக்கது.

முடிவுரை

மண்டூரிற் சென்று நிற்போர் உள்ளம் நெகிழ்வதற்கு மூன்று காரணங்களை மேற்கூறியவற்றால் உணரலாம். நீரைக் கடந்து சேரும் பயணம் அன்றாட வாழ்விலிருந்து அவர்களைப் பிரிக்கின்றது. திரையும் மௌனமும் காட்சியையும் சொல்லையும் அகற்றித் தம் உள்ளத்தைத் தாமே கேட்கச் செய்கின்றன. குடியும் ஊரும் சேர்ந்து அவர்களை ஒரு நீண்ட மனித வரிசையில் நிறுத்துகின்றன. இம்மூன்றும் சேர்ந்ததே அக்கோயிலின் தொன்மை. தொன்மை என்பது கட்டடத்தின் வயதன்று. மக்கள் இடையறாது வந்து நின்ற காலத்தின் அளவாகும்.

ஆகவே இளந்தலைமுறையினரின் கடன் இருவகைத்து. வாய்கட்டிப் பூசை, ஆலாத்தி, கல்வெட்டு மரபு ஆகியவற்றை ஊர்தோறும் முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்தல் ஒன்று. அம்மரபின் அன்பைப் பேணி அதன் புறக்கணிப்பை நீக்குதல் மற்றொன்று. முன்னையது ஏட்டாலும் எழுத்தாலும் ஆவது. பின்னையது மனத்தால் ஆக வேண்டுவது.

தீர்த்தம் நிறைவெய்திய காலையில் அடியார் மீண்டும் குருமண்வெளிப் பாதையில் ஏறுவர். ஈர உடையும் நெற்றியில் திருநீறுமாக அவர்கள் எழுவான்கரை நோக்கி நிற்க, எதிரே கடலுக்கு மேல் ஞாயிறு எழும். அவர்கள் கொண்டு செல்வது கண்ட காட்சியன்று. காணாது நின்றதன் நிறைவு. நாளை அவர்களின் பிள்ளைகளும் அத்திரைமுன் வந்து நிற்பர்.